மழைத்தண்ணியில் உப்பு எங்கே போச்சு?

பயிற்சி ஆசிரியையாக நான் எடுத்த முதல் அறிவியல் பாடம் நீர்ச்சுழற்சி. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரையோரப் பள்ளி, நான்காம் வகுப்பு. முந்தின ராத்திரி பதினொரு மணி வரைக்கும் உட்கார்ந்து சார்ட் வரைந்திருந்தேன்: கடல், மேலே ஏறும் நீல அம்புகள், பஞ்சு ஒட்டிய மேகம், மலை, கீழே இறங்கும் அம்புகள். "ஆவியாதல்" என்றேன், வகுப்பு "ஆவியாதல்" என்றது. "ஆவி சுருங்குதல்" என்றேன். அதுவும் அப்படியே திரும்பி வந்தது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்தான்.

"டீச்சர், கடத்தண்ணி உப்புல்லா? பொறவு மழத்தண்ணி மட்டும் ஏன் உப்பா இல்ல?"

"அதெல்லாம் பெரிய கிளாஸ்ல படிக்கலாம். இப்போ சார்ட்டைப் பாரு" என்றேன். உட்கார்ந்துவிட்டான். பின்னால் இருந்து பாடத்தைக் கவனித்தவர் என் குறிப்பேட்டில் "வகுப்பறைக் கட்டுப்பாடு நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வகுப்பில் உருப்படியாக நடந்தது அந்தக் கேள்வி ஒன்றுதான் என்று புரிய எனக்குச் சில வருஷங்கள் ஆயின. என் சார்ட்டில் இருந்த அம்புக்குறியை நிஜமாகவே நம்பியவன் அவன்தான். கடல்நீர் மேலே போகிறது என்றால் அதில் கரைந்த உப்பும் கூடப் போகத்தானே வேண்டும்? மற்றவர்கள் சொல்லைத் திருப்பிச் சொன்னார்கள், அவன் அதை வைத்துக் கணக்குப் போட்டான். நான் பதில் சொல்லாததற்கு நேரமின்மை காரணமில்லை. பதில் எனக்கே வரவில்லை. "ஆவியாதல்" என்ற சொல் தெரியும். ஆவியாகும்போது எது போகிறது, எது தங்குகிறது என்று அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.

இத்தனைக்கும் விடை ஒரு பஸ் தூரத்தில் இருந்தது. புத்தளம், சாமித்தோப்புப் பக்கம் உப்பளங்கள் உண்டு. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. பாத்தியில் விட்டு வெயிலில் வற்றவிட்டால் நீர் போய்விடும், உப்பு போகாது. உப்பு ஆவியாக 1,400 டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும், அது வெயிலால் ஆகிற காரியமில்லை. ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீர் வற்றிய பிறகுதான் உப்பு மணி கட்ட ஆரம்பிக்கும். உப்பளத்தில் வேலை பார்க்கும் அம்மாவின் பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால், என்னைவிட நன்றாகச் சொல்லியிருக்கும். அதோடு விஷயம் முடியவும் முடியாது. கடலோர வீடுகளில் ஜன்னல் கம்பி சீக்கிரம் துருப்பிடிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, "அப்போ காத்துல உப்பு வருதே?" என்று கேட்கும். அதுவும் சரிதான். அலை உடையும்போது தெறிக்கிற பொடித் துளிகளைக் காற்று அள்ளிக்கொண்டு வருகிறது. அது ஆவி இல்லை, தூளாகிப்போன கடல். ஆகவே கரையோர மழையில் நாக்குக்குத் தெரியாத அளவு உப்பு இருக்கவும் செய்யும். நான்காம் வகுப்புப் பையனின் ஒரு கேள்விக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துவது எளிது, பாடம் சின்னதுதானே என்ற நினைப்பு நம்மிடம் பரவலாக உண்டு. பாடம் சின்னது, சரி. கேள்விகள் சின்னவை இல்லை. நிலா ஏன் நம்ம கூடவே வருது என்று கேட்க பிளஸ் டூ மாணவன் வெட்கப்படுவான். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த வெட்கம் இல்லை.

அந்தக் கேள்விகளின் முன்னால் நிற்கப்போகிறவர் எப்படி உருவாகிறார்? பிளஸ் டூ முடித்தபின் இரண்டு ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு. நம் மாவட்டத்தில் தேரூரில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பிளஸ் டூவில் வணிகவியலோ வரலாறோ எடுத்தவர்களும் இந்தப் படிப்புக்கு வரலாம், வருகிறார்கள். அவர்கள் அறிவியலைக் கடைசியாகப் பார்த்தது பத்தாம் வகுப்பில். ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 கேள்விகளில் 30 சூழ்நிலையியல், அதாவது அறிவியலும் சமூக அறிவியலும் சேர்ந்த பாடம். அதையும் தாண்டிப் பணிக்கு வந்தால், இடைநிலை ஆசிரியர் என்ற பெயரில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் அவரே. ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் சூழ்நிலையியல் என்று ஒரே புத்தகம். மூன்றிலிருந்து அறிவியல் தனியாகப் பிரிகிறது. ஈராசிரியர் பள்ளி என்றால் இரண்டு மூன்று வகுப்பு ஒரே அறையில் இருக்கும். எட்டு வயதுக்குள் எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வந்துவிட வேண்டும் என்று 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. நோக்கம் நியாயமானது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்துக்கும் எண்ணுக்கும் போக மிஞ்சிய நேரம்தான் அறிவியலுக்கு என்று ஆகிவிடுவதை வகுப்பில் நிற்கிறவர்கள் அறிவார்கள்.

லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் 1986இல் ஒன்றைச் சொன்னார். பாடம் தெரிந்திருப்பது ஒரு அறிவு. வகுப்பை நடத்தத் தெரிந்திருப்பது இன்னொரு அறிவு. இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே இடறுவார்கள், எந்த உதாரணம் வழி திறக்கும், எது குழப்பும் என்று தெரிந்திருப்பது மூன்றாவது அறிவு. மூன்றாவதுதான் ஆசிரியருக்கே உரியது; வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவருக்கும் அது தானாக வந்துவிடாது. நமது பயிற்சியில் முதல் இரண்டுக்கும் தாள் உண்டு, மதிப்பெண் உண்டு. மூன்றாவது, பிள்ளைகளின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகிறது. அல்லது சேராமலே ஓய்வு பெற்றுவிடுகிறோம்.

பிள்ளை வெறும் பலகையாக வகுப்புக்கு வருவதில்லை. ஏற்கெனவே தானே கட்டிய விளக்கங்களோடு வருகிறது. ஆரல்வாய்மொழி கணவாய்ப் பக்கத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள். முப்பந்தல் காற்றாலைகளை நாள் முழுக்கப் பார்த்து வளர்கிறவர்கள். "அந்தப் பெரிய காத்தாடி சுத்துறதாலதான் இங்க இவ்வளவு காத்து" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். சிரிக்கக் கூடாது. வீட்டில் ஃபேன் சுற்றினால் காற்று வருகிறது, நிறுத்தினால் நின்றுவிடுகிறது. அதே கண்ணோடு மலையடிவாரத்தைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? பார்த்ததை வைத்து ஒழுங்காகக் கட்டிய விளக்கம் அது, முடிவுதான் தலைகீழ். "தப்பு, காற்றுதான் காற்றாலையைச் சுற்றுகிறது" என்று சொல்லிவிட்டால் பிள்ளை அதை நோட்டில் எழுதிக்கொள்ளும், மனசில் பழையது அப்படியே கிடக்கும். தென்னை ஓலையில் ஒரு காற்றாடி முடைந்து கொடுத்து, நின்ற இடத்தில் பிடி, அப்புறம் ஓடு என்றால் போதும். எது எதைச் சுற்றுகிறது என்று அதன் கையே சொல்லும். ஃபேனுக்கு மின்சாரம் தள்ளுகிறது, இதற்கு எது தள்ளுகிறது என்ற கேள்வி தானாக வரும்.

ஆவியாதலும் அப்படித்தான். கழுவிவிட்ட தரை காய்ந்துபோனால் தண்ணீர் எங்கே போச்சு என்று கேட்டுப் பாருங்கள். "தரை குடிச்சிட்டு." ஐந்தாம் வகுப்பு வரைக்கும் இந்தப் பதில் வரும். மண் தரையைப் பார்த்த கண்ணுக்கு அதுதானே நியாயம்? எனவே தரையில் ஆரம்பிப்பதே தவறு. எவர்சில்வர் தட்டில் இரண்டு கரண்டித் தண்ணீர் விட்டு வெயிலில் வையுங்கள். தட்டு குடிக்காது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பாட்டன் காலத்திலிருந்து தரையை உதாரணம் காட்டியே இந்தப் பாடத்தை நடத்தி வருகிறோம். உதாரணத்தை மாற்றினாலே பாதிக் குழப்பம் போய்விடும். இதைத்தான் மூன்றாவது அறிவு என்கிறேன்.

சில விளக்கங்கள் இன்னும் ஆழத்தில் கிடக்கும். ஸ்டெல்லா வோஸ்னியாடு, வில்லியம் புரூவர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவில் ஒன்று, மூன்று, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 60 பேரிடம் பூமியைப் பற்றிப் பேசி, 1992இல் அதை எழுதினார்கள். பூமி என்ன வடிவம் என்றால் பெரும்பாலும் உருண்டை என்றே பதில் வந்தது. நேராக நடந்துகொண்டே இருந்தால் எங்கே போவாய், விளிம்பு உண்டா, விழுவாயா என்று தோண்டியபோதுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. சிலருக்கு அது தோசைக்கல் மாதிரித் தட்டையான உருண்டை. சிலருக்கு நாம் நிற்கும் தட்டைப் பூமி ஒன்று, வானத்தில் தொங்கும் உருண்டைப் பூமி ஒன்று. சிலருக்கு உள்ளே கூடான பந்து, நாம் அதற்குள் தட்டையான தரையில் வாழ்கிறோம். பொய் சொல்லவில்லை பிள்ளைகள். ஆசிரியர் சொன்ன உருண்டையையும் தன் கண் சொல்லும் தட்டையையும் எப்படியோ சமாதானம் செய்து வைத்திருந்தார்கள்.

நம் மாவட்டத்தில் இந்தப் பாடத்துக்கு ஒரு வசதி உண்டு. கடல் மட்டத்தில் மணலில் நிற்கும் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும்; அதற்குத் தெரியும் தொடுவானம் நாலு கிலோமீட்டர்கூட இல்லை. முட்டம் போல உயர்ந்த பாறைக் கரையில் இருபது மீட்டர் மேலே நின்றால் அதே தொடுவானம் பதினாறு கிலோமீட்டருக்குத் தள்ளிப்போகிறது. கடல் தட்டையாக இருந்தால் ஏறி நிற்பதால் இவ்வளவு வித்தியாசம் ஏன் வர வேண்டும்? தூரத்துக் கப்பலுக்கு அடிப்பாகம் முதலில் மறைகிறது, மேல்கட்டு கடைசியில். ஒரு பைனாகுலர் கிடைத்தால் இதைக் காட்டலாம். பைனாகுலர் இல்லாவிட்டால், கடலுக்குப் போய் வருகிற அப்பாவிடம் "திரும்பி வரும்போது முதலில் எது தெரியும்?" என்று கேட்டு வரச் சொல்லலாம். மணல் தெரியாது, மலையும் கோபுரமும் கலங்கரை விளக்கமும்தான் முதலில் தெரியும். வீட்டிலிருந்தே சான்று வந்து சேர்கிறது.

இனி செடிக்கு வருகிறேன், ஏனென்றால் பெரியவர்களும் சேர்ந்து வழுக்குகிற இடம் இது. ரப்பர் மரம் தினமும் பால் கொடுக்கிறது. அந்தப் பால், அந்தத் தடி, அந்த இலை எல்லாம் எதிலிருந்து வந்தது? "மண்ணிலிருந்து" என்பார்கள். உரத்துக்கு "செடிக்குச் சாப்பாடு" என்று நாமே பெயர் வைத்திருக்கிறோமே. வான் ஹெல்மான்ட் என்பவர் நானூறு ஆண்டுகளுக்கு முன் இதை அளந்து பார்த்தார். உலர்ந்த மண் 200 பவுண்டு எடுத்துத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டார். ஐந்து ஆண்டு தண்ணீர் மட்டும் விட்டார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது இரண்டு அவுன்ஸ். அவர் இறந்த பிறகு 1648இல் அது அச்சில் வந்தது. மண் அல்ல என்று நிறுவினார், சரி. ஆனால் தண்ணீர்தான் மரமானது என்று முடிவு செய்தார். அதில் பாதிதான் உண்மை. உலர்ந்த மரக்கட்டையின் எடையில் பெரும்பகுதி காற்றிலிருந்த கரியமில வாயுவிலிருந்து வந்தது. காற்றுக்கு எடை உண்டு என்று நம்பாத பிள்ளை, காற்றிலிருந்து மரம் வந்தது என்பதை எப்படி நம்பும்? ஆகவே அந்தப் பாடத்துக்கு முன்னால் காற்றுக்கு எடை உண்டு என்ற பாடம் வர வேண்டும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஈரப் பஞ்சில் பாசிப்பயறு முளைக்கவைக்கிறோம். "பார்த்தாயா, மண்ணே இல்லாமல் செடி வளருது" என்கிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது சான்று ஆகாது. முதல் சில நாள் முளை தின்பது விதைக்குள் ஏற்கெனவே கட்டிக் கொடுத்துவிட்ட சாப்பாட்டை. அதை இருட்டு அலமாரியில் வைத்தாலும் முளைத்து வெளிறி நீளும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு வாரம், இரண்டு வாரம் பார்த்தால் எது தாங்குகிறது, எது துவள்கிறது என்று தெரியும். அப்போதுதான் வெளிச்சத்தின் வேலை புரியும். நான் மூன்று வருஷம் முதல் வகைச் சோதனையை மட்டும் காட்டிப் பாராட்டு வாங்கியவள்.

மொழி விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் குடிக்கிற தண்ணீர் "வெள்ளம்". கிணற்றில் வெள்ளம் கோருவார்கள், அதாவது இறைப்பார்கள். புத்தகத்தில் "வெள்ளம் வந்தால் உயரமான இடத்துக்குச் செல்ல வேண்டும்" என்று இருக்கும். தோவாளைப் பக்கத்திலிருந்து மாறுதலாகி வந்த டீச்சருக்குப் பிள்ளைகள் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாது. "சக்கை" என்றால் நமக்குப் பலாப்பழம். புத்தகத்தில் கரும்பைப் பிழிந்தபின் மிஞ்சுவது. மரவள்ளிக்கிழங்கு என்று படம் போட்டால் மரச்சீனி தின்று வளர்ந்த பிள்ளை அது ஏதோ வேறு கிழங்கு என்று நினைக்கும். அக்கானி எது, பதநீர் எது என்ற குழப்பமும் உண்டு, இரண்டும் ஒன்றே. வட்டாரச் சொல்லைத் திருத்துவதில் நேரத்தைச் செலவழிக்கிற ஆசிரியர், பிள்ளை அறிந்த பொருளையே பிடுங்கிவிடுகிறார். முதலில் பிள்ளையின் சொல், அதன்மேல் புத்தகச் சொல். வரிசை மாறினால் சொல் மட்டும் தங்கும்.

அறிவியலுக்கே உரிய சொற்களும் படுத்தும். "உயிருள்ளவை, உயிரற்றவை" பாடத்தில் நகர்வது உயிருள்ளது என்று சொல்லிவிட்டால், மேகம் நகர்கிறது, பஸ் நகர்கிறது, நெருப்பு வளரவும் செய்கிறது. பிள்ளைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே இதைத் தொண்ணூறு நூறு வருஷத்துக்கு முன்பே பிள்ளைகளிடம் கண்டார். கடற்கரைப் பள்ளியில் இன்னொன்றும் உண்டு. கடலை அம்மா என்று கூப்பிடுகிற வீட்டுப் பிள்ளையிடம் "கடல் உயிரற்றது" என்று கரும்பலகையில் எழுதிப் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிக்கலாம். கடல் குட்டி போடுமா, தின்னுமா, சாகுமா என்று பிள்ளைகளையே பேசவிட்டால் அவர்களே ஒரு இடத்துக்கு வந்து சேர்வார்கள். விதைநெல் உயிருள்ளதா என்பதில்தான் உண்மையான சண்டை வரும். அதில் நானும் கலந்துகொள்வேன்.

பேசவிடுவது என்றேன். அதுதான் கடினம். நம் வகுப்புகளில் ஒரு பழக்கம் உண்டு: "செடி தன் உணவைத் தானே தயாரிப்பதற்கு என்ன பெயர்? ஒளிச்..." என்று ஆசிரியர் இழுப்பார், "...சேர்க்கை!" என்று கூட்டமாக முடிப்பார்கள். கேள்வி மாதிரி ஒலிக்கும், கேள்வி இல்லை. மேரி பட் ரோ என்பவர் அமெரிக்க வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை வைத்து 1974இல் எழுதியது: கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன, காரணம் சேர்ந்து வருகிறது, எப்போதும் வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மூன்று விநாடிதானே என்று தோன்றும். வகுப்பில் நின்று மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிப் பாருங்கள். இரண்டாவதில் கை தானாகச் சாக்பீஸைத் தேடும். நான் சேலை முந்தானையை விரலில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொள்ளப் பழகினேன்.

கருவி இல்லை என்று சொல்வதைப் பாதிதான் ஒத்துக்கொள்வேன். ஒரு மீட்டர் கம்பு, வெயில், சாக்பீஸ். இந்த மூன்றையும் வைத்து கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு வருஷம் பாடம் நடத்தலாம். கம்பை முற்றத்தில் நட்டு, மதியம் நிழலின் நுனியில் கோடு போட வேண்டும். மதியம் என்றால் பன்னிரண்டு மணி என்று பிள்ளைகள் சொல்வார்கள். நிழல் மிகக் குட்டையாவது அப்போது இல்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாம் இருப்பது ஏறத்தாழ 77.5 டிகிரியில். ஐந்து டிகிரிக்கு இருபது நிமிஷம் தாமதம். ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை நம்மூர் உச்சி 12.15க்கும் 12.30க்கும் இடையில்தான். கடிகாரமும் சூரியனும் ஒத்துப்போவதில்லை என்பதே ஐந்தாம் வகுப்புக்குப் பெரிய செய்தி.

அடுத்தது இன்னும் சுவையானது. நாம் வட அட்சம் 8 டிகிரியில் இருக்கிறோம். ஜூனில் பள்ளி திறக்கும்போது சூரியன் நமக்கு வடக்கே போய்விட்டிருக்கும். ஆகவே உச்சி நேர நிழல் தெற்கே விழும். ஜூன் 21 வாக்கில் ஒரு மீட்டர் கம்புக்கு ஏறத்தாழ 27 சென்டிமீட்டர். பிறகு ஒவ்வொரு வாரமும் குறுகிக்கொண்டே வந்து, செப்டம்பர் முதல் இரண்டு நாளில் காணாமல் போகும். கம்பின் அடியில் ஒரு புள்ளி மட்டும் இருக்கும். அதன்பின் நிழல் வடக்கே முளைத்து டிசம்பர் 21 வாக்கில் 61 சென்டிமீட்டர் வரை நீளும். ஏப்ரல் 10, 11 வாக்கில் மறுபடி ஒருநாள் நிழல் இல்லை. சென்னையில் இது நடப்பது ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு நடுவிலும். அங்கே அத்தை வீடு இருக்கிற பிள்ளை போன் போட்டுக் கேட்கட்டும். தென்மேற்குப் பருவமழை மேகம் ஜூன், ஜூலையில் பாதி நாளைக் கெடுத்துவிடும், அதையும் நோட்டில் "இன்று மேகம்" என்று எழுத வேண்டும். எழுதாமல் ஊகித்துப் போடக் கூடாது என்பதை இந்த வயதில்தான் பழக்க முடியும்.

கன்னியாகுமரி முனையில் சித்ரா பௌர்ணமியன்று சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் ஒருசேரப் பார்க்க ஊரே திரளும். பிள்ளைகள் அதை அந்த ஒரு நாளின் அதிசயம் என்று நினைத்திருப்பார்கள். எந்தப் பௌர்ணமியன்றும் சூரியனும் நிலாவும் பூமியின் எதிரெதிர்ப் பக்கத்தில்தான் இருக்கும்; ஒன்று இறங்கும் நேரத்தை ஒட்டியே மற்றது ஏறும். மொட்டைமாடியில் நின்று அடுத்த பௌர்ணமிக்குப் பார்த்துவிட்டு வா என்று சொல்லிவிடலாம். முனையின் சிறப்பு கடலை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு பார்க்க முடிவது. அதைப் பிள்ளையிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை.

பனையேறி வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்த வேதியியல் இன்னொன்று. அக்கானிப் பானைக்குள் சுண்ணாம்பு தடவாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும்; தடவினால் புளிக்காது, காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கலாம். நுண்ணுயிர், நொதித்தல், காரம், கொதிக்கவைத்து நீரைப் போக்குதல் எல்லாம் அந்த ஒரு பானைக்குள் இருக்கின்றன. சுண்ணாம்பு போட்டதும் போடாததுமாக இரண்டு டம்ளர் வைத்து மறுநாள் நுரை பார்க்கலாம் என்று ஒருமுறை யோசித்தேன். தொடக்கப் பள்ளியில் கள் தயாரித்த ஆசிரியை என்ற பெயர் வேண்டாம் என்று தோசை மாவுக்கு மாறிவிட்டேன். பாட்டில் வாயில் பலூன் மாட்டினால் மாவு ஊதுவது தெரியும், யாரும் புகார் எழுத மாட்டார்கள்.

இந்த வழியில் நடத்த முடியும் என்பதற்கு நாட்டில் முன்னுதாரணம் உண்டு. மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 பள்ளிகளில் ஆரம்பித்த திட்டத்தில் பிள்ளைகள் செய்து பார்த்து எழுதினார்கள்; அதற்கு முன் ஆசிரியர்கள் அதே சோதனைகளைத் தாங்களே உட்கார்ந்து செய்தார்கள், தப்பான விடையும் எடுத்தார்கள். முப்பது வருஷம் நடந்து, 2002இல் அரசு அதை நிறுத்தியது. அது நடுநிலைப் பள்ளிக்கானது. இங்கே 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற நடமாடும் அறிவியல் ஆய்வகத் திட்டமும் ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குத்தான். அதற்குக் கீழே இருக்கிறவர்களுக்கும் சோதனைப் பெட்டியோடு யாராவது வரமாட்டார்களா என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து கூடும் குறுவள மையக் கூட்டங்களில் பெரும்பாலும் படிவம் நிரப்புவதைப் பற்றிப் பேசுகிறோம். ஒரு கூட்டத்திலாவது எல்லோரும் கம்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினால் நன்றாக இருக்கும். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலாவதாக வந்த மாவட்டம் இது. படிக்கத் தெரிந்த பெற்றோர்கள் என்பதாலேயே நோட்டில் எத்தனை பக்கம் எழுதினான் என்று பார்க்கிறார்கள். முற்றத்தில் கம்பு நட்ட நாளில் நோட்டில் இரண்டு வரிதான் இருக்கும். "இன்னைக்கு டீச்சர் ஒண்ணும் நடத்தல்லியா?" என்று கேட்டு ஒரு அம்மா வந்ததும் உண்டு. அவரையும் முற்றத்துக்கே கூட்டிப்போய்க் காட்டினேன்.

போன வருஷம் வேறொரு கடற்கரைப் பள்ளியில் மறுபடி நீர்ச்சுழற்சி. சார்ட் கொண்டுபோகவில்லை. ஆறு எவர்சில்வர் தட்டு, ஒரு கேனில் கடல்நீர். மூன்றாம் நாள் தட்டுகளில் வெள்ளையாகப் படிந்திருந்தது. எல்லோரும் தொட்டு நக்கினார்கள். மழையில் ஏன் உப்பு இல்லை என்று இந்த முறை நான்தான் கேட்டேன். முந்தானை மூன்று சுற்று. விடை வந்தது, அப்புறம் ஒரு பெண்பிள்ளை எழுந்தாள்.

"டீச்சர், சாளை மீனு கடல்லயேதான கிடக்கு, அதுக்கு ஏன் உப்புக் கரிக்கல்ல? கருவாட்டுக்கு மட்டும் கரிக்கு?"

எனக்குத் தெரியாது. தெரியாது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்வதற்குள் பக்கத்தில் இருந்தவன் சொன்னான்: "கருவாடு செத்ததுல்லா. செத்தா உள்ள ஏறிரும்."

சாயங்காலம் படித்துப் பார்த்தேன். அவன் சொன்னது கிட்டத்தட்ட சரி. உயிரோடு இருக்கிற கடல்மீன் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. கூடுதல் உப்பைச் செவுளில் உள்ள செல்கள் ஓயாமல் வெளியே தள்ளுகின்றன. அதன் உடல்நீரில் உப்பு கடலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். செத்ததும் அந்த வேலை நின்றுவிடுகிறது. சுறா வேறு வழி வைத்திருக்கிறது: யூரியாவை ரத்தத்திலேயே சேர்த்துவைத்துக் கடலோடு சரிக்கட்டிக்கொள்கிறது, பழசானால் அந்த யூரியாதான் மூக்கைத் துளைக்கும் வாடையாகிறது. மறுநாள் இதைச் சொன்னதும் வகுப்பில் பாதிப்பேர், தங்கள் வீட்டில் சுறா வாங்கினால் எத்தனை தண்ணியில் அலசுவார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மணி அடித்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.